மக்கும் பிளாஸ்டிக்கின் குறைகளைச் சேர்மானங்களால் தீர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாலிலாக்டிக் அமிலத்தில் வார்த்த ஒரு கரண்டியைக் கொதிநீர் ஊற்றிய கோப்பைக்குள் விட்டால், சில நொடிகளில் அதன் காம்பு தளர்ந்து விளிம்பில் சாய்ந்துவிடும். அதே பொருளில் இழுத்த தாளை விரலால் மடித்தால், மடிப்பு விழுந்த கோட்டிலேயே சட்டென்று முறியும். இரண்டும் ஒரே பொருளின் குறைகள்தாம். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு, ஆகவே மருந்தும் வேறு. முறியாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் நெகிழ்வூட்டி, வெப்பத்தில் தளரும் குறையை இன்னும் பெரிதாக்கும். வெப்பம் தாங்குவதற்காகச் சேர்க்கும் தாதுப்பொடி, முறியும் குறையை வளர்க்கும். இவ்விரண்டையும் கடந்து நன்றாக அமைந்த கலவையொன்று, கடைசியில் உரக்குழியில் மக்காமல் நின்றுவிடவும் கூடும். மக்கும் பிளாஸ்டிக்கில் சேர்மானம் சேர்ப்பது என்பது, எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு படியிலும் அளந்து முடிவு செய்யும் வேலை. அந்த வேலையைத் தொடக்கம் முதல் செய்வது எப்படி என்பதைக் கீழே விளக்குகிறேன். வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் தரப்பட்டுள்ளன.

முதல் படி: கையிலிருக்கும் ரெசினை அறிதல்

மக்கும் பிளாஸ்டிக் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று எதிரான குணங்கள் கொண்ட பல பாலிமர்கள், அதாவது சிறு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், அடங்கியுள்ளன. வார்ப்பதற்கு முன் குருணையாகக் கைக்கு வரும் மூலப்பொருளே ரெசின். ஒன்றுக்குப் பொருந்தும் சேர்மானம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

பாலிலாக்டிக் அமிலம், அதாவது பி.எல்.ஏ., விறைப்பானது. அதன் இழுவலிமை 50 முதல் 70 மெகாபாஸ்கல் வரை இருக்கும்; ஆனால் முறிவதற்கு முன் 3 முதல் 6 சதவீதம்தான் நீளும். கண்ணாடிபோல் இறுகிய நிலையிலிருந்து ரப்பர்போல் இளகும் நிலைமாற்ற வெப்பநிலை அதற்கு 55 முதல் 60 டிகிரி. உருகுநிலை 150 முதல் 180 டிகிரி வரை, ரகத்துக்கு ரகம் மாறும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம், சங்கிலியில் கலந்திருக்கும் டி வகை லாக்டிக் அலகுகளின் அளவு. வழக்கமான எல் வகை அலகின் கண்ணாடிப் பிம்பம்போன்ற வடிவமே டி. ஒரு சதவீதத்துக்கும் குறைவாக டி இருக்கும் ரகம் விரைவாகப் படிகமாகும். 10 சதவீதத்தைத் தாண்டிய ரகம் என்ன சேர்த்தாலும் படிகமாகாது. ரெசினை வாங்கும்போதே இந்த எண்ணைக் கேட்டுப் பெறுவது அவசியம். படிகமாகாத ரகத்தில், படிகம் வளரத் தொடக்கப்புள்ளி தரும் படிகக் கருவூட்டியைக் கலந்து மாதக்கணக்கில் முயன்று தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பி.பி.ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிபியூட்டிலீன் அடிப்பேட் டெரிப்தாலேட் இதற்கு நேரெதிரானது. அது மென்மையானது, பல நூறு சதவீதம் நீளும், ஆனால் விறைப்பு மிகக் குறைவு. பை செய்யும் படலங்களில் அடிப்படைப் பொருளாக இருப்பது பெரும்பாலும் இதுவே. பி.பி.எஸ்., அதாவது பாலிபியூட்டிலீன் சக்சினேட், இரண்டுக்கும் இடைப்பட்டது. சுமார் 115 டிகிரியில் உருகும். தானாகவே விரைந்து படிகமாகும்.

பி.எச்.பி. என்ற பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் கொழுப்புபோலச் சேமித்து வைக்கும் பாலியெஸ்டர். 1920களின் நடுவில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் அதைக் கண்டறிந்தார். இதன் சிக்கல் வேறுவிதமானது. உருகுநிலை 175 முதல் 180 டிகிரி. சங்கிலிகள் வெப்பத்தால் அறுபடத் தொடங்குவதும் ஏறத்தாழ அங்கேயே. அறை வெப்பநிலையில் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் மெதுவாகப் படிகமாகிக்கொண்டே இருப்பதால், வார்த்த நாளில் வளைந்த துண்டு சில வாரங்களில் நொறுங்கும். மாவுச்சத்தைத் தனியே உருக்க முடியாது. நீரும் கிளிசராலும் சேர்த்து, வெப்பத்தாலும் அரைவிசையாலும் அதன் மணிகளை உடைத்த பிறகே அது பிளாஸ்டிக்காகும்.

இரண்டாம் படி: குறையை எண்ணாக எழுதுதல்

“பொருள் நன்றாக இல்லை” என்பது வேலைக்கு உதவாத குறிப்பு. “85 டிகிரி நீரில் 5 நிமிடம் நின்றால் காம்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது, 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் உடையக்கூடாது” என்பது உதவும் குறிப்பு. எந்தச் சேர்மானத்தையும் வாங்குவதற்கு முன், தேவையான குணம் எது, அதற்கான எண் எது, அதைப் பெறுவதற்காக எந்தக் குணத்தை எந்த அளவு வரை இழக்கலாம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது எண்ணைப் பலரும் எழுதுவதில்லை. பின்னால் வரும் தடுமாற்றங்களில் பெரும்பகுதி அங்கிருந்தே பிறக்கிறது.

அதே தாளில், இந்தப் பொருள் எங்கே மக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். 58 டிகிரியில் இயங்கும் தொழிற்சாலை உரமாக்கலுக்கும் 20 முதல் 30 டிகிரியில் இயங்கும் வீட்டு உரத்தொட்டிக்கும் பொருந்தும் கலவைகள் ஒன்றல்ல. பி.எல்.ஏ. 58 டிகிரியில் சில மாதங்களில் மக்கும். சாதாரண மண்ணிலோ கடல்நீரிலோ நீண்ட காலம் அப்படியே கிடக்கும். அதன் சங்கிலிகளை முதலில் நீர் அறுக்க வேண்டும். பிறகுதான் நுண்ணுயிர்கள் உண்ண முடியும். நிலைமாற்ற வெப்பநிலைக்குக் கீழே அந்த நீராற்பகுப்பு மிக மெதுவாகவே நடக்கும்.

மூன்றாம் படி: உலர்த்துதல்

இது சேர்மானம் பற்றிய படி இல்லையே என்று தோன்றலாம். ஆனால் ஈரமான ரெசினில் எந்தச் சேர்மானத்தின் பலனையும் அறிய முடியாது என்பதால், இதற்கே அதிக இடம் தருகிறேன்.

கணக்காகவே பார்க்கலாம். சராசரி மூலக்கூறு எடை ஒரு லட்சம் கொண்ட பி.எல்.ஏ. ஒரு கிலோவில் 0.01 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) சங்கிலிகள் உள்ளன. உற்பத்தியாளர்கள் பொதுவாக வலியுறுத்தும் உச்ச ஈர அளவு பத்து லட்சத்தில் 250 பங்கு. அதாவது ஒரு கிலோவுக்கு கால் கிராம் நீர். அந்தக் கால் கிராமில் ஏறத்தாழ 0.014 மோல் நீர் இருக்கிறது. ஒரு நீர் மூலக்கூறு, சங்கிலியின் அலகுகளைக் கோக்கும் ஓர் எஸ்டர் பிணைப்பை அறுத்து ஒரு சங்கிலியை இரண்டாக்கும். அனுமதிக்கப்பட்ட ஈரம் முழுவதும் வினைபுரிந்துவிட்டால், சங்கிலிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் பெருகி, சராசரி எடை 42,000 அளவுக்கு இறங்கிவிடும். ரெசினை உருக்கித் திருகால் தள்ளும் இயந்திரமான எக்ஸ்ட்ரூடருக்குள் பொருள் இருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களில் அவ்வளவும் வினைபுரிவதில்லை என்பதால்தான் 250 என்ற அளவு ஏற்கப்படுகிறது. உலர்த்தாமல் திறந்து வைத்த குருணையில் ஈரம் இதைப் போலப் பல மடங்கு இருக்கும்.

படிகமான பி.எல்.ஏ. குருணையை, ஈரம் நீக்கிய வெப்பக்காற்றில் 80 டிகிரியில் சுமார் 4 மணி நேரம் உலர்த்தலாம். படிகமாகாத குருணையை அப்படி உலர்த்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்; அதை 45 டிகிரி அளவில் இரவு முழுவதும் உலர்த்த வேண்டும். சாதாரண அடுப்பின் காற்றிலேயே ஈரம் இருப்பதால், மழைநாளில் அது உலர்த்தியாகப் பயன்படாது. தாதுப்பொடி, மரத்தூள், செல்லுலோஸ் ஆகிய சேர்மானங்களையும் கட்டாயம் உலர்த்த வேண்டும். ரெசினைப் பார்த்துப் பார்த்து உலர்த்திவிட்டு, மரத்தூளைச் சாக்கிலிருந்து அப்படியே கொட்டுவது மிகப் பரவலான தவறு.

ஈரம் மிகுந்திருப்பதைக் கண்ணாலேயே அறியலாம். எக்ஸ்ட்ரூடரின் வாயிலிருந்து இறங்கும் இழை, நன்கு உலர்ந்த பொருளாயின் தேன்போல ஒரே கனத்தில் வழவழப்பாக இறங்கும். ஈரமான பொருளின் இழைக்குள் ஊசிமுனை அளவு குமிழிகள் நீண்டு தெரியும். இழை தன் எடையைத் தாங்காமல் மெலிந்து அறுந்து விழும். குளிர்நீர்த் தொட்டியைக் கடந்தபின் விரலால் வளைத்தால் தீக்குச்சிபோல் ஒடியும். அப்படி ஒடியும் இழையைக் கண்டவுடன் நெகிழ்வூட்டியின் அளவைக் கூட்டுவது தவறு. அங்கே தேவைப்படுவது உலர்த்தி.

நான்காம் படி: குறைக்கேற்ற சேர்மானத்தைத் தேர்ந்தெடுத்தல்

நெகிழ்வு தேவைப்படும்போது

பி.எல்.ஏ.வுக்குப் பொருந்தும் நெகிழ்வூட்டிகளில் நம்பகமானவை சிட்ரேட் எஸ்டர்கள். குறிப்பாக அசிட்டைல் ட்ரைபியூட்டைல் சிட்ரேட். பாலிஎத்திலீன் கிளைக்காலும், லாக்டிக் அமிலத்தின் குறுஞ்சங்கிலிகளும் பயன்படுகின்றன. இவற்றின் சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளுக்கிடையே புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதற்கு இடம் தருகின்றன. நூற்றுக்கு 10 பங்கு சிட்ரேட் சேர்த்தால், நிலைமாற்ற வெப்பநிலை 60 டிகிரியிலிருந்து 35 முதல் 40 டிகிரி அளவுக்கு இறங்கும். இந்த அளவிலும் அறையில் வைத்த துண்டு விறைப்பாகவே இருக்கும். நீட்சியில் பெரிய மாற்றம் தெரியாது. 15 முதல் 20 பங்கில்தான் நிலைமாற்றம் அறை வெப்பநிலையை நெருங்கி, பொருள் உண்மையில் நெகிழத் தொடங்கும். ஐந்து பங்கு சேர்த்துப் பார்த்து, பயனில்லை என்று கைவிடுவதும், 20 பங்கு சேர்த்து முதல் நாள் நெகிழ்வைக் கண்டு மகிழ்வதும், இரண்டுமே அவசர முடிவுகள்.

பின்னதில் நானே ஏமாந்திருக்கிறேன். பாலிஎத்திலீன் கிளைக்கால் மிகுதியாகச் சேர்த்து இழுத்த ஒரு படலம் முதல் வாரத்தில் துணிபோல் மடிந்தது. மூன்று மாதம் கழித்து அதே சுருளைப் பிரித்தபோது மேற்பரப்பில் எண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுப்பு; இரண்டு அடுக்குகளைப் பிரிக்கும்போதே ஓரம் கிழிந்து உதிர்ந்தது. காரணம் தெளிவானது. நிலைமாற்ற வெப்பநிலை அறை வெப்பநிலைக்கு இறங்கியதும், சங்கிலிகள் கிடங்கிலேயே மெல்லப் படிகமாகத் தொடங்குகின்றன. படிகத்துக்குள் இடமில்லாத நெகிழ்வூட்டி வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே நெகிழ்வூட்டிய கலவையை ஒரு மாதம் 40 டிகிரியில் வைத்து, எடையிழப்பையும் நீட்சியையும் மறுபடி அளக்காமல் முடிவு செய்யக் கூடாது. வெளியே கசியும் சிக்கலைக் குறைக்க, மூலக்கூறு எடை கூடிய நெகிழ்வூட்டியைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. ஆனால் எடை கூடக் கூட அது பி.எல்.ஏ.வில் கரையும் அளவும் குறையும்.

மாவுச்சத்துக்குக் கிளிசரால் 25 முதல் 35 சதவீதம் வரை தேவைப்படும். கிளிசரால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. அதனால் பொருள் ஈரமான பருவத்தில் தளர்ந்தும் வறண்ட பருவத்தில் விறைத்தும் போகும். ஒரு பகுதியைச் சார்பிட்டாலாக மாற்றினால் இந்த ஊசலாட்டம் குறையும்.

உடையாமை தேவைப்படும்போது

நெகிழ்வும் உடையாமையும் ஒன்றல்ல. விறைப்பைப் பெரிதாக இழக்காமல் அடியைத் தாங்க வேண்டுமென்றால், சிறு மூலக்கூறுகளைச் சேர்ப்பதைவிட, மென்மையான இன்னொரு பாலிமரை நுண்துளிகளாகச் சிதறவிடுவதே சரியான வழி. விரிசல் ஓடும் பாதையில் இந்தத் துளிகள் குறுக்கிட்டு, அதன் ஆற்றலை உள்வாங்குகின்றன. பி.எல்.ஏ.வில் 10 முதல் 20 பங்கு பி.பி.ஏ.டி. சேர்த்தால், முறிவு நீட்சி 200 சதவீதத்தைத் தாண்டலாம்; இழுவலிமை குறையும்; கண்ணாடிபோல் தெளிவாக இருந்த பொருள் பால்வெள்ளையாகும். தெளிவு முக்கியமானால், கருவும் ஓடுமாக அமைந்த அக்ரிலிக் துகள்களை 5 பங்கு அளவில் பயன்படுத்தலாம். ஆனால் அவை மக்காதவை. எட்டாம் படியில் சொல்லப்போகும் வரம்பை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பி.எல்.ஏ.வும் பி.பி.ஏ.டி.யும் தாமாக ஒன்றுகலப்பதில்லை. துளிகள் பெரிதாக இருந்தாலோ எல்லையில் பிடிப்பு இல்லாவிட்டாலோ, துளியே விரிசலின் தொடக்கமாகிவிடும். எனவே இரண்டையும் பிணைக்கும் இணக்கி வேண்டும். எபாக்சி தொகுதிகள் கொண்ட ஸ்டைரீன்-அக்ரிலிக் சங்கிலிநீட்டி, இரண்டு பாலிமர்களின் முனைகளிலும் வினைபுரிந்து, எல்லையில் கலப்புச் சங்கிலிகளை உருவாக்குவதால், இந்த வேலையையும் சேர்த்தே செய்கிறது. மாவுச்சத்தைப் பாலியெஸ்டரோடு பிணைக்க, மேலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பாலிமரோ சிறிதளவு சிட்ரிக் அமிலமோ பயன்படும். சிட்ரிக் அமிலம் மிகுந்தால் பாலியெஸ்டரையே அது அறுக்கும்.

வெப்பம் தாங்க வேண்டியிருக்கும்போது

கரண்டி தளர்வதற்குக் காரணம், பி.எல்.ஏ. வார்ப்பு அச்சுக்குள் படிகமாக நேரமின்றி உறைந்துவிடுவதுதான். படிகமாகாத பொருள் நிலைமாற்ற வெப்பநிலையைக் கடந்தவுடன் விறைப்பை முற்றிலும் இழக்கும். படிகமான பொருளை, படிகங்கள் உருகும்வரை ஒரு சட்டகம்போலத் தாங்கி நிற்கும். பி.எல்.ஏ. மிக வேகமாகப் படிகமாகும் இடைவெளி 100 முதல் 120 டிகிரி. அந்த வெப்பநிலையிலும், பொது ரகமொன்று பாதியளவு படிகமாகவே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் அவ்வளவு காத்திருக்க இயலாது.

இங்கேதான் படிகக் கருவூட்டிகள் வருகின்றன. நுண்ணிய டால்க் பொடி ஒரு பங்கு சேர்த்தாலே காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். எத்திலீன் பிஸ் ஸ்டீரமைடு போன்ற அமைடுகளும் கருவூட்டும். பி.எச்.பி.க்குப் போரான் நைட்ரைடு பொருந்தும். எதிர்கை வடிவமான டி-பி.எல்.ஏ.வைச் சில பங்கு கலப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. எல் சங்கிலியும் டி சங்கிலியும் பின்னிப் பிணைந்து உருவாகும் கூட்டுப்படிகம், தனிப்படிகத்தைவிட சுமார் 50 டிகிரி கூடுதலாக, 230 டிகிரி அளவில்தான் உருகும். 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர். அந்தக் கூட்டுப்படிகங்கள் சாதாரண பதப்படுத்தும் வெப்பநிலையில் உருகாமல் மிதந்து, மற்றச் சங்கிலிகளுக்குக் கருவாகின்றன. வெளியிலிருந்து எந்தப் பொருளும் நுழையாமல், பி.எல்.ஏ.வையே பி.எல்.ஏ.வுக்கு மருந்தாக்கும் முறை இது, விலைதான் கூடுதல்.

கருவூட்டியை மட்டும் சேர்த்துவிட்டு, 25 டிகிரிக் குளிர்ந்த அச்சில் வார்த்தால் எந்தப் பலனும் இராது. அச்சு 95 முதல் 110 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும். அல்லது வார்த்தபின் அதே வெப்பநிலையில் பதப்படுத்த வேண்டும். கருவூட்டியோடு 3 முதல் 5 பங்கு நெகிழ்வூட்டி சேர்த்தால், சங்கிலிகளின் அசைவும் எளிதாகிப் படிகமாதல் இன்னும் விரையும். தனித்தனியே சேர்த்தபோது கிடைக்காத பலன் இரண்டும் சேர்ந்தபோது கிடைக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. நன்கு படிகமான பி.எல்.ஏ. 100 டிகிரிக்கு மேலும் வடிவம் குலையாமல் நிற்கும்.

சங்கிலி அறுபடும்போது

மேலே சொன்ன எபாக்சி சங்கிலிநீட்டியின் முதன்மை வேலை, அறுந்த முனைகளை மறுபடி இணைத்து உருகுவலிமையை மீட்பது. அளவு நூற்றுக்கு 0.3 முதல் 1 பங்கு. அதற்கு மேல் போனால் சங்கிலிகள் வலைபோல் பின்னி, படலத்தில் மீன்கண் போன்ற கட்டிகளாகத் தெரியும். வலையான பகுதி மக்குவதும் தாமதமாகும். பி.எச்.பி.யின் சங்கிலி அறுபடுவது நீராலன்று, வெப்பத்தால். ஆகவே அங்கே சங்கிலிநீட்டியை நம்பாமல், வெப்பநிலையையும் உள்ளிருக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும்.

பயன்பாட்டுக் காலத்தில் நீராற்பகுப்பைத் தடுக்கக் கார்போடைஇமைடுகள் 0.5 முதல் 2 பங்கு வரை சேர்க்கப்படுகின்றன. பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய கருவிப் பகுதிக்கு அது சரி. சில நாள் பயன்பட்டு மக்க வேண்டிய பொருளுக்கு, மக்குதலின் முதல் படியையே தடுக்கும் சேர்மானம் எதற்கு என்பதே என் கேள்வி. சூடாகும்போது அவற்றில் சில ஐசோசயனேட் ஆவியை விடக்கூடும் என்பதால், உணவு தொடும் பொருளில் தவிர்ப்பது நல்லது. கலக்கும் இடத்தில் காற்றோட்டமும் வேண்டும்.

நிரப்பிகளும் தடுப்பும்

கால்சியம் கார்பனேட், டால்க், மரத்தூள் ஆகியவை விலையைக் குறைத்து விறைப்பைக் கூட்டும். கால்சியம் கார்பனேட்டில் ஸ்டீரிக் அமிலம் பூசிய ரகத்தையே எடுக்க வேண்டும். பூசாத பொடியின் காரத்தன்மை உருகிய பாலியெஸ்டரை அறுக்கும். மரத்தூள் 200 டிகிரியைத் தாண்டினால் கருகி மணக்கும். மாண்ட்மோரில்லனைட் களிமண்ணின் ஒவ்வொரு தகடும் ஒரு நானோமீட்டர் கனமே உடையது. 3 முதல் 5 பங்கு களிமண் நன்கு பிரிந்து பரவினால், ஆக்சிஜனும் நீராவியும் தகடுகளைச் சுற்றிச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால், அவை படலத்தைக் கடக்கும் வேகம் குறையும். பிரியாமல் கட்டியாக நின்றால் அதே களிமண் வெறும் தூசிதான்.

படலங்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க எருகமைடு 0.1 முதல் 0.3 பங்கு போதும். ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெசினில் அவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

ஐந்தாம் படி: கலத்தல்

பொடிச் சேர்மானத்தைக் குருணையோடு வாளியில் கலக்கி நேராக வார்ப்பு இயந்திரத்தில் இடக் கூடாது, அடியில் தங்கிவிடும். முதலில் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில், இறுதி அளவைவிடப் பல மடங்கு செறிவுள்ள மாஸ்டர்பேட்ச் செய்து, பிறகு அதை நீர்த்துப் பயன்படுத்த வேண்டும். திரவ நெகிழ்வூட்டியைத் தொடக்கத்தில் ஊற்றினால் திருகு வழுக்கும். ரெசின் உருகிய பிறகு, உருளையின் நடுப்பகுதியில் பம்பு மூலம் செலுத்த வேண்டும். பி.எல்.ஏ. கலவைக்கு 180 முதல் 205 டிகிரி வரையும், மாவுச்சத்து கலந்த பி.பி.ஏ.டி.க்கு 140 முதல் 165 டிகிரி வரையும் போதுமானது. திருகின் வேகத்தை மிகுதியாக்கினால், உராய்வினால் உருகிய பொருளின் வெப்பம் கருவி காட்டும் எண்ணைவிட 10, 20 டிகிரி கூடுதலாக ஏறிவிடும் என்பதால், வாயிலில் இறங்கும் பொருளிலேயே வெப்பமானியைச் செருகி அளப்பது நல்லது. டால்க், களிமண் போன்ற நுண்பொடிகளைக் கையாளும்போது முகமூடி கட்டாயம்.

ஆறாம் படி: ஒப்பிட்டு அளத்தல்

இந்தப் படியின் உயிர்நாடி, ஒப்பிடும் மாதிரி. சாக்கிலிருந்து எடுத்த புதிய ரெசினோடு கலவையை ஒப்பிடுவது நியாயமாகாது. ஏனெனில் கலவை ஒரு தடவை கூடுதலாக உருகி வந்திருக்கிறது. சேர்மானம் எதுவுமில்லாத அதே ரெசினை, அதே எக்ஸ்ட்ரூடரில், அதே வெப்பநிலையிலும் வேகத்திலும் ஓட்டியெடுத்து, அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சேர்மானத்தை மட்டுமே, குறைந்தது மூன்று அளவுகளில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

வார்த்த துண்டுகளை 23 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் ஒரு வாரம் வைத்திருந்து சோதிக்க வேண்டும். புதிதாக வார்த்த பி.எல்.ஏ. முதல் சில மணி நேரத்தில் ஓரளவு நீளும். நாட்கள் செல்லச் செல்ல அதன் சங்கிலிகள் நெருங்கி அமைந்து, அந்த நீட்சி மறைந்துவிடும். மாலையில் வார்த்ததை மறுநாள் காலையில் சோதித்துச் சேர்மானம் வென்றுவிட்டது என்று அறிவிப்பவர், உண்மையில் அளந்தது பொருளின் வயதைத்தான். இழுவலிமைக்கு ஐ.எஸ்.ஓ. 527, மோதலுக்கு ஐ.எஸ்.ஓ. 179, வெப்பத்தில் வளைதலுக்கு ஐ.எஸ்.ஓ. 75, உருகோட்டத்துக்கு ஐ.எஸ்.ஓ. 1133 ஆகிய முறைகள் உள்ளன. இவற்றில், உருகிய பொருள் எவ்வளவு எளிதாக வழிகிறது என்று அளக்கும் உருகோட்டச் சோதனை எளியது, மலிவானது. கலவையின் எண் அடிப்படை மாதிரியைவிடத் திடீரென்று உயர்ந்தால், சங்கிலிகள் அறுபட்டிருக்கின்றன என்பதற்கான முதல் எச்சரிக்கையாக அதைக் கொள்ளலாம்.

ஏழாம் படி: தொடங்குவதற்கு இரண்டு கலவைகள்

வெந்நீர் தாங்கும் கரண்டிக்கு, டி அளவு குறைந்த பி.எல்.ஏ. 80 பங்கு, பி.பி.எஸ். 10 பங்கு, நுண் டால்க் 10 பங்கு, அவற்றுக்கு மேல் எத்திலீன் பிஸ் ஸ்டீரமைடு 0.5 பங்கு என்று தொடங்கலாம். டால்க் கருவூட்டவும் விறைப்பூட்டவும் செய்கிறது. அதனால் வரும் நொறுங்கும் தன்மையைப் பி.பி.எஸ். ஈடுசெய்கிறது. அச்சு 100 டிகிரியில் இருக்கட்டும். முதல் கரண்டியை அச்சிலிருந்து எடுத்தவுடன் ஒளியில் பிடித்துப் பார்க்க வேண்டும்: காம்பு முழுதும் ஒரே சீரான பால்வெள்ளையாக இருந்தால் படிகமாதல் பரவியிருக்கிறது, நடுவே கனமான இடம் வெண்மையாகவும் ஓரம் மங்கலான ஒளிபுகும் நிறமாகவும் இருந்தால், ஓரம் உறைந்து நடுப்பகுதி மட்டுமே படிகமாகியிருக்கிறது. அப்படியானால் அச்சில் வைத்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். டால்க்கைக் கூட்டத் தேவையில்லை.

பைக்கான படலத்துக்கு, பி.பி.ஏ.டி. 60 பங்கு, கிளிசரால் சேர்த்துப் பதப்படுத்திய மாவுச்சத்து 30 பங்கு, பி.எல்.ஏ. 10 பங்கு, சங்கிலிநீட்டி 0.4 பங்கு, எருகமைடு 0.2 பங்கு ஆகியவற்றோடு தொடங்கலாம். பி.எல்.ஏ. இங்கே விறைப்பூட்டி, அது இல்லாவிட்டால் பை எடையைத் தாங்கி நீண்டுகொண்டே போகும். குமிழாக ஊதும்போது படலத்தில் வெண்புள்ளிகள் தெரிந்தால் மாவுச்சத்து மணிகள் முழுமையாக உடையவில்லை என்று பொருள். பதப்படுத்தும் படிக்குத் திரும்ப வேண்டும்.

எட்டாம் படி: மக்குகிறதா என்று பார்த்தல்

ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 13432 விதிக்கும் வரம்புகள் கலவை எழுதும்போதே மேசைமேல் இருக்க வேண்டும். பொருளின் கரிமப் பகுதியில் 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். அல்லது ஒப்புநோக்கும் பொருளின் அளவில் 90 சதவீதத்தை எட்ட வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் சேரும் ஒவ்வொரு கரிமப் பொருளும் தனித்தே மக்கும் என்று நிறுவப்பட வேண்டும். அதற்குக் கீழே சேர்பவை அனைத்தும் கூடி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு சொன்ன அக்ரிலிக் துகள்கள் 5 பங்கு சேர்ந்தால், இந்த வாயிலிலேயே தடுக்கப்படும். தாதுப்பொருள் எவ்வளவு சேர்ந்தாலும், மொத்தத்தில் எரிந்து போகும் பகுதி பாதியாவது இருக்க வேண்டும்.

உலோக வரம்புகள் எதிர்பாராத இடத்தில் கைவைக்கும். செம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம், துத்தநாகம் 150 மில்லிகிராம் என்பவை உச்சம். பரவலாகப் பயன்படும் தாலோசயனின் நீல நிறமியின் எடையில் சுமார் 11 சதவீதம் செம்பு. அதனால் அந்த நிறமியை 0.045 சதவீதத்துக்கு மேல் சேர்க்க இயலாது. அடர்ந்த நீலத்துக்கு அது போதாது. துத்தநாக ஸ்டீரேட்டில் துத்தநாகம் 10 சதவீதத்துக்குச் சற்று மேல், 0.15 சதவீதத்தை நெருங்கும்போதே வரம்பு முடிந்துவிடும்.

சாதாரண பாலிஎத்திலீனில் உலோக உப்பைச் சேர்த்து, வெயிலில் நொறுங்கும்படி செய்வதை இங்கே சொன்னவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது துண்டாகிறது, மக்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2019/904 ஆணையால் அத்தகைய பொருள்களைச் சந்தையிலிருந்து விலக்கியுள்ளது.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முன், 58 டிகிரியில் வைத்த ஈரமான உரத்தொட்டியில் சொந்தமாக ஒரு முன்சோதனை செய்துவிடலாம். இறுதிப் பொருள் என்ன கனமோ அதே கனத்தில் துண்டுகளை வெட்டி, எடைபோட்டுப் புதைக்க வேண்டும். மெல்லிய தாளில் கிடைத்த முடிவு தடித்த கரண்டிக்குச் செல்லாது. பன்னிரண்டு வாரம் கழித்து உரத்தை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், மேலே தங்குவது தொடக்க எடையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தங்கிய துண்டுகளை நீரில் அலசி, விரலால் நசுக்கிப் பார்ப்பது எண்ணைவிடக் கூடுதலாகச் சொல்லும். சுண்ணாம்புபோல் உதிர்ந்தால் இன்னும் சில வாரத்தில் மக்கிவிடும். பெரும்பாலும் அதிகப் படிகமே தாமதத்துக்குக் காரணம், கனத்தைக் குறைத்தால் போதும். ரப்பர்போல் இழுபட்டால் சங்கிலிநீட்டி மிகுந்து வலை பின்னியிருக்கிறது. அதன் அளவைப் பாதியாக்கி, ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.